வழிச்செல்வோர் தங்கும் இடம்

பெங்களூரு அடுகோடியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று மதுரையைக் காணப் புறப்படுகிறது என்று கொள்வோம். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர். தொடர்வண்டிக் கட்டணம் எவ்வளவு என்பது சீட்டு எடுக்கும்பொழுதே தெரிந்துவிடும். உணவுச் செலவையும் ஏறத்தாழக் கணக்கிட்டுவிடலாம். தங்கும் செலவு அவ்வாறன்று. அது வெளியூரில், களைப்பான வேளையில், கையில் பெட்டியும் உறங்கும் குழந்தையுமாக நிற்கும்பொழுது முடிவு செய்யப்படுகிறது. அந்நேரத்தில் பேரம் பேச எவருக்கும் மனம் வருவதில்லை.

‘ஓட்டல்’ என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் ஓட்டல் என்றால் பெரும்பாலும் உண்ணும் இடமே. இட்லியும் காப்பியும் கிடைக்கும் கடையைத்தான் மக்கள் அப்பெயரால் அழைக்கின்றனர். உறங்கும் இடத்திற்கு ‘லாட்ஜ்’ அல்லது ‘விடுதி’ என்று பெயர். இவை இரண்டிற்கும் முன்பே இருந்த சொல் ‘சத்திரம்’. கன்னடத்தில் அதுவே ‘சத்ர’. இன்று இச்சொற்களைக் கேட்டவுடன் பெங்களூருச் சிறுவர்களுக்குத் திருமண மண்டபமே நினைவுக்கு வரும். முன்னாளில் அது வழிப்போக்கர் காசின்றித் தங்கிய இடம்.

பெங்களூரு நகர இரயில் நிலையத்திற்கு எதிரே அத்தகைய சத்திரம் ஒன்றைக் காணலாம். அதனைக் கட்டியவர் குப்பி தோட்டதப்பா (1838–1910) என்னும் வணிகர். இவருடைய குடும்பத்தின் ஊர் தும்கூருப் பகுதியிலுள்ள குப்பி. பெங்களூருக்கு வந்து வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய இவருக்கு மக்கட்பேறு இல்லை. ஈட்டிய செல்வத்தைப் பயணிகளுக்கும் மாணவர்களுக்கும் பயன்படுமாறு அறக்கட்டளையாக்கினார். சத்திரம் 1903-ஆம் ஆண்டு மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரால் திறந்து வைக்கப்பட்டது. இடத்தைத் தேர்ந்ததிலேயே தோட்டதப்பாவின் அறிவு விளங்குகிறது. ஊருக்குள் எங்கேனும் கட்டியிருந்தால், அதனைத் தேடிச் செல்வதற்கே வண்டிக்கூலி ஆகியிருக்கும். வண்டியை விட்டு இறங்கியவர் நடந்தே சென்று சேரும் தொலைவில் கட்டியதால் அவ்வறம் முழுப்பயன் தந்தது.

மதுரையிலும் இரயில் நிலையத்திற்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததற்குப் புகழ்பெற்றவர். அவர் காலத்தில் இரயில் ஏது? சத்திரம் முதலில் இருந்தது. இருப்புப்பாதை பின்னர்தான் அதன் வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

சத்திரங்களின் சிறப்பை முழுமையாக அறியத் தஞ்சாவூருக்குச் செல்ல வேண்டும். இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை நிறுவியிருந்தனர். அவற்றுள் பல அரச குலத்துப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. ஒரத்தநாட்டிலுள்ள முத்தம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோசி மன்னர் எழுப்பியது. ஆங்கிலேயர் தஞ்சை அரசின் ஆட்சியுரிமையைத் தம் கையில் எடுத்துக்கொண்ட பின்னர், சத்திரங்களின் நிலை என்னவாகுமோ என்று சரபோசி அஞ்சினார். 1801-ஆம் ஆண்டு ஆங்கில அதிகாரிக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். நாட்டை இழந்த மன்னர் ஒருவர், வழிப்போக்கரின் சோற்றுக்காக வாதாடிய மடல் அது.

அம்மடல் கூறும் செய்திகள் வியப்பூட்டுவன. சாதி வேறுபாடின்றி வருவோர் அனைவருக்கும் சத்திரத்தில் சோறு அளிக்கப்பட்டது. சமைத்த சோற்றை உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் தரப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, ‘இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டோ? வந்து உண்க’ என்னும் பொருள்பட அறிவிப்புச் செய்தனர். நோயுற்றவருக்கு மருத்துவர் இருந்தார். பெற்றோரை இழந்த குழந்தைகளை ஆசிரியர் பொறுப்பேற்று வளர்த்தார். வழியில் மகப்பேறு நேர்ந்த பெண்கள் மூன்று திங்கள் அங்கேயே தங்கலாம். எனினும் நாடெங்கும் இருந்த சத்திரங்கள் யாவும் இவ்வாறே நடந்தன என்று கருதிவிடலாகாது. சாதி பார்த்து இடம் தந்த சத்திரங்களும், சிலரைத் திண்ணையோடு நிறுத்திய சத்திரங்களும் பல இருந்தன. இன்றைய விடுதியில் பணம் கொடுத்தவர் யாவரும் ஒரே வாயில் வழியாக நுழைகின்றனர். அது சிறிய மாற்றம் அன்று.

இனி, மதுரைக்குச் செல்லும் குடும்பத்திடம் திரும்புவோம். அவர்கள் வெள்ளிக்கிழமை இரவு வண்டி ஏறுகின்றனர். ஓர் இரவின் அறை வாடகை அதனாலேயே மிச்சம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மதுரையில் இறங்குகின்றனர். ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வண்டி. ஒரு நாள் வாடகை 1,200 ரூபாய் என்று கொள்வோம். நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் ஐந்து விழுக்காடு. ஆகவே வரியுடன் 1,260 ரூபாய்.

சில விடுதிகளில் ‘ஒரு நாள்’ என்பது நண்பகல் பன்னிரண்டு முதல் மறுநாள் நண்பகல் பன்னிரண்டு வரை. அங்கே காலை ஏழு மணிக்கே நுழைந்தால், நண்பகலுக்குள் ஒரு நாள் முடிந்ததாகக் கணக்கிடுவதுண்டு. ஞாயிறு நண்பகலில் இரண்டாம் நாள் முடியும். இரவு வரை இருந்தால் மூன்றாம் நாள் வாடகையும் சேரும். மொத்தம் 3,780 ரூபாய். உறங்கியதோ ஓர் இரவு! வேறு சில விடுதிகளில் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் ஒரு நாள். அங்கே இரண்டு நாள் வாடகையான 2,520 ரூபாய் போதும். இரண்டு விடுதிகளின் வாயிலிலும் தொங்கும் பலகையில் எழுதியிருப்பது ‘1,200’ என்னும் அதே எண்தான். ஆதலின் வாடகையைக் கேட்பதற்கு முன்பு, ‘எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்?’ என்று கேட்பவரே கணக்கு அறிந்தவர்.

இதனையும் குறைக்க வழியுண்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்கே அறையைக் காலி செய்து, பூட்டிய பெட்டிகளை இரயில் நிலையத்தின் பொருள் காப்பறையில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றினால், இரண்டாம் விடுதியில் ஒரு நாள் வாடகையே ஆகும். பெரிய நிலையங்களில் இரயில்வே ஓய்வறைகளும், பலர் சேர்ந்து தங்கும் கட்டில் கூடங்களும் உள்ளன. உறுதியான பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு அவற்றைச் சில மணி நேரத்திற்கு மட்டும்கூட முன்பதிவு செய்யலாம். குளித்து உடை மாற்ற ஒரு முழுநாள் வாடகை எதற்கு? ஆனால், வாடகை குறைவு என்று ஊரின் கடைக்கோடியில் அறை எடுத்துவிட்டு, நாள்தோறும் நான்கு முறை ஆட்டோவில் சென்று வருவது சிக்கனம் ஆகாது. கதவின் தாழ்ப்பாள் சரியில்லாத அறையும் அவ்வாறே. அது எத்துணை மலிவாயினும் வேண்டா.

உலகின் பிற பகுதியிலும் இத்தேவை உணரப்பட்டது. 1909-ஆம் ஆண்டு செருமனியில் இரிச்சர்டு சிர்மன் என்னும் ஆசிரியர் தம் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றார். புயல் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் மீது படுத்து இரவைக் கழித்தனர். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை ஏன் மாணவர்களுக்குத் தங்குமிடமாக்கக் கூடாது என்னும் எண்ணம் அன்றிரவே அவருக்குத் தோன்றியது. 1912-இல் ஆல்ட்டெனா கோட்டையில் நிலையான இளைஞர் விடுதி உருவானது. குறைந்த கட்டணத்தில் மாணவர்கள் தங்கும் விடுதிகள் அதன்பின் பல நாடுகளிலும் தோன்றின.

சுற்றுலாவில் மிஞ்சும் பணம் ஒரு பட்டுப்பாவாடையாகலாம்; மிஞ்சாவிடினும் பெரிய இழப்பில்லை. நோயின் பொருட்டுப் பயணம் செய்வோர் நிலை வேறு. அடுகோடிக்கு அண்மையில், ஓசூர் சாலைப் பகுதியில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும், நிம்கான்சு மனநல, நரம்பியல் மருத்துவமனையும் உள்ளன. தருமபுரி, கிருட்டிணகிரி போன்ற இடங்களிலிருந்தும் இங்கே நோயாளர் வருகின்றனர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர் பலருக்கு மருத்துவமனையில் கட்டில் தேவைப்படுவதில்லை. நாள்தோறும் சில நிமிடங்களில் சிகிச்சை முடிந்துவிடும். ஆனால், வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் அது தொடரும். முப்பது நாள் விடுதியில் தங்க, மேலே கண்ட கணக்கின்படியே 37,800 ரூபாய் வேண்டும். உழவர் ஒருவரும் கட்டடத் தொழிலாளி ஒருவரும் இதற்கு எங்கே போவர்? மருந்துக்கு வழியிருந்தும், தங்க வழியின்றிச் சிகிச்சையைப் பாதியில் விட்டுச் செல்வோரும் உண்டு. கித்வாய் வளாகத்தில் நோயாளரும் உடன் வந்தோரும் தங்குவதற்கான தருமசாலை இருப்பது இதனால்தான். சரபோசியின் மடலில் கண்ட சத்திரத்து மருத்துவருக்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டுகள் கடந்துள்ளன; தேவை மாறவில்லை.

தருமசாலையில் இடம் கிடைக்காத உறவினர், அடுகோடியின் சிறிய வீடுகளில் வந்து தங்குவர். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் மட்டுமே உள்ள வீட்டில், பெரியப்பாவுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் தரையில் பாய் விரித்துப் படுப்பர். மறுநாள் காலை அவருக்கு மருத்துவமனைக்கு வழிகாட்டுபவரும், கன்னடத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்பவரும் பெரும்பாலும் அப்பிள்ளைகளே.

அருஞ்சொற்பொருள்

மக்கட்பேறு – பிள்ளைச் செல்வம். மடல் – கடிதம். திங்கள் – மாதம். விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு. கடைக்கோடி – எல்லையின் முடிவு. அண்மை – அருகு.

பயிற்சி

1. தோட்டதப்பா சத்திரத்திற்குத் தேர்ந்த இடம் எவ்வகையில் பொருத்தமானது?

2. சரபோசி மன்னர் 1801-இல் மடல் எழுத நேர்ந்த காரணம் யாது?

3. பாடத்தில் வரும் குடும்பம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாற்றாக நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மதுரையை அடைந்து, ஞாயிறு நண்பகல் புறப்பட்டால், இருவகை விடுதிகளிலும் எவ்வளவு செலவாகும்? கணக்கிட்டு எழுதுக.

4. உங்கள் வீட்டிற்கு ஊரிலிருந்து மருத்துவத்திற்காக வந்து தங்கியவர் உண்டா? வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.