வேண்டுதலும் வேணும், வைத்தியமும் வேணும்



பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் சில தாய்மார்களுக்குத் தூக்கம் அறவே போய்விடும். சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். காதில் குரல் கேட்கிறது என்பார்கள். பிள்ளையைக் கண்டே பயப்படுவார்கள். வீட்டிலே, "காத்து கருப்பு பட்டுடுச்சு" என்போம். இது பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். தாமதித்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. மருந்தால் குணமாகும்.

"அப்போ சாமி கும்பிடக் கூடாதா?"

தாராளமாகக் கும்பிடுங்கள். நம்பிக்கை மனதுக்கு ஊன்றுகோல். அவள் எந்தச் சாமியை நம்புகிறாள், எதைப் பாவமென்று அஞ்சுகிறாள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல அவருக்கு அது உதவும். ஆனால் விரதமென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கட்டிப் போடாதீர்கள்.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவை நம்பி வந்த மனநோயாளிகள் தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்டு 6-ல் அங்கே தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். கும்பிட வந்ததால் சாகவில்லை. கட்டிப் போட்டதால் செத்தார்கள். சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அதே ஏர்வாடியில் பின்னாளில் துவாவோடு மருந்தும் தரும் அரசுத் திட்டம் வந்தது.

கணவருக்கு ஒரு வார்த்தை: ராத்திரியில் பிள்ளையை நீங்கள் பாருங்கள், அவள் தூங்கட்டும். அவளையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். யோசனை கேட்க 14416-க்கு இலவசமாகப் போன் செய்யலாம்.

விபூதியும் பூசுங்கள், மாத்திரையும் கொடுங்கள்!