சூதும் செய்வித்தலும்

இல்லறத்தார் நீக்க வேண்டிய ஏழு வியசனங்களுள் சூது முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. பொய், களவு, சினம் ஆகியவற்றுக்கு அது வாயிலாதலின் அம்முதலிடம் பெற்றது. தருமபுத்திரர் நாடிழந்த வரலாற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது மரபு. தாம் ஆடாதிருந்தால் மட்டும் இக்குற்றம் நீங்கிவிடுமா என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

கோவாவின் தலைநகராகிய பணஜியில், மாண்டவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் நிற்கின்றன. அங்கு 1976ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் 1992இல் திருத்தப்பட்டு, ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்டப் பொறிகளுக்கு இடமளிக்கப்பட்டது. பின்னர்க் கப்பல்களுக்கும் வழி திறந்தது. அரசுக்கு வருவாயும் பலருக்கு வேலையும் கிடைக்கின்றன என்பர் ஒரு சாரார். போக்குவரத்து நெரிசல், ஆற்றின் தூய்மைக்கேடு, குடும்பங்களின் சீரழிவு ஆகியவற்றைச் சுட்டி, நகர மக்களுள் பலர் நெடுங்காலமாக எதிர்த்து வருகின்றனர். 2020 பிப்ரவரி 1 முதல் கோவா மாநிலத்தார் சூதாடும் கூடங்களுள் நுழைவது தடுக்கப்பட்டது. வெளி மாநிலத்தாருக்கு அத்தடை இல்லை.

தம் மக்களுக்குத் தீதென விலக்கிய ஒன்று, அயலார் மக்களுக்கு மட்டும் எங்ஙனம் நன்றாகும்? அங்கு உழைத்துக் கூலி பெறுவோரை நாம் இகழவில்லை. ஆயினும் அவ்வருவாய் முழுவதும் எங்கோ ஒரு வீட்டின் இழப்பிலிருந்தே வருகிறது என்பதை மறத்தலாகாது.

செய்தல், செய்வித்தல், செய்வாருக்கு உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்து சேரும் என்பது அறநூல் முடிவு. சங்கரன்கோவிலில் வாழும் நமக்கு இதனை விளக்கும் சான்று அண்மையிலேயே உள்ளது. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ், இன்னார் செய்வித்தது என்றே வட்டெழுத்தில் பொறித்துள்ளனர். உளி பிடித்தவர் வேறு ஒருவர். எனினும் செய்வித்தவருக்கும் புண்ணியம் உண்டு என்று அவர்கள் நம்பினர். நல்வினைக்கு அமைந்த இந்நெறி தீவினைக்கும் பொருந்துமன்றோ?

ஆகவே, சீட்டாடும் மன்றத்துக்கு வீட்டை வாடகைக்கு விடுவதும், சூதுக்கெனத் தெரிந்தே கடன் கொடுப்பதும், தெருவில் அத்தகைய இடம் தோன்றும்போது நமக்கென்ன என்று வாளா இருப்பதும் அம்மூன்றனுள் அடங்கும். பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடுக்க, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆயினும் கைப்பேசி நம் பிள்ளைகளின் கையிலன்றோ உள்ளது! சட்டம் வாயிலில் காவல் நிற்கும். வீட்டினுள் காவல் நிற்க வேண்டியவர் பெற்றோரே.

ஆடாதிருப்போம், ஆட இடந்தராதிருப்போம், ஆடுவதற்கு உடன்படாதிருப்போம்.