நேரத்துக்குத் திரும்பாவிட்டால் யார் தேடுவார்?

அன்புள்ள பிள்ளைக்கு,

முள்ளியவளைப் பக்கம் மருத்துவிச்சியாக நியமனம் கிடைத்த செய்தி கேட்டு மனம் நிறைந்தது. பிரசவத்துக்குப் பிந்திய வீட்டுத் தரிசிப்புகளை நீர் மனப்பாடமாகச் சொல்லுவீர்: முதல் 10 நாளுக்குள் இரண்டு தரம், 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தரம், 42ஆம் நாளை ஒட்டி இன்னொரு தரம். தாய்ப்பால், தொப்புள், காய்ச்சல், இரத்தப்போக்கு என்று எதைப் பார்ப்பது என்பதும் தெரியும். நான் எழுத வந்தது, அந்த வீடுகளுக்கு நீர் தனியே போய்த் தனியே திரும்புவதைப் பற்றி.

இன்று பின்னேரம் 4 மணிக்குத் திரும்ப வேண்டிய நீர் திரும்பவில்லை என்றால், அது முதலில் யாருக்குத் தெரியவரும்? எத்தனை மணிக்கு? தெரிந்ததும் அவர் என்ன செய்வார்? இந்த மூன்றுக்கும் ஆளின் பெயரோடு பதில் சொல்ல முடியாத நாளில் ஸ்கூட்டியை எடுக்காதேயும். ஹெல்மெட்டும் டோர்ச்சும் சார்ஜ் ஏற்றிய போனும் அதற்குப் பிறகுதான்.

தண்ணிமுறிப்புப் பக்கத்து ஒழுங்கையொன்றில் கண்ணாடிப் புடையன் கடித்துவிட்டது என்று வையும். கூட ஒருவர் இருந்தால், மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அவர் வழி பார்ப்பார். தனியே என்றால், பாம்பைவிட மோசமானது உமக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் கழியும் மணித்தியாலங்கள். சறுக்கி விழுந்து கால் முறிந்தாலும் இதே கணக்குத்தான்.

ஆகவே அலுவலகத்தில் ஒரு கொப்பி இருக்கட்டும். எந்த வீடு முதலில், எது பிறகு, தாய்மாரின் தொலைபேசி எண், திரும்பும் நேரம் எல்லாம் அதில் எழுதிவிட்டுப் புறப்படும். அந்தக் கொப்பியைப் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கு உத்தியோகபூர்வமாக இருக்க வேண்டும். மேற்பார்வை செய்யும் அக்காதான் அதற்குச் சரியான ஆள். வீட்டில் இருக்கும் அம்மா அல்ல; அம்மா பயப்படுவா, ஆனால் யாரை அனுப்புவது என்று அவவுக்குத் தெரியாது. அரை மணித்தியாலம் பிந்தினால் உமக்கு அழைப்பு. பதில் இல்லையென்றால் கடைசியாகப் போன வீட்டுக்கு. பிறகு கிராம அலுவலருக்கு. பிறகு ஆட்கள் புறப்பட வேண்டும், 119 பொலிஸ் எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பாதையை மாற்றினால் மாற்றிய உடனேயே அறிவியும். ஒரு தரம் வீணாகத் தேடி வந்தார்கள் என்று வெட்கப்படாதேயும்.

காட்டோரக் கிராமங்களில் சிக்னல் வரும், போகும். எந்த மதகடியில் கிடைக்கிறது, எந்தக் கோயில் வீதியில் கிடைக்கிறது என்று முதல் மாதத்திலேயே குறித்து வையும். வடக்கில் 2018 ஜூலையிலிருந்து, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. அவர்களுக்கு முள்ளியவளை என்று மட்டும் சொன்னால் போதாது. குளக்கட்டு, வாய்க்கால், பள்ளிக்கூடம் என்று அடையாளம் சொல்லும்.

பொழுது விடியுமுன்னும் மங்கும்போதும் குமுழமுனைப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் போகாதேயும். யானை இறங்கும் நேரம் அது. புது இலத்தியோ முறிந்த கொப்போ கண்டால் திரும்பும். மாரியில் வட்டுவாகல் பாலத்தின் மேலால் தண்ணீர் பாய்ந்தால் மறுகரையில் யார் காத்திருந்தாலும் கடக்க வேண்டாம். ஆள் நடமாடாத பற்றைக்குள் குறுக்குவழி என்று கால் வைக்காதேயும். மிதிவெடி அகற்றும் வேலை இந்த மாவட்டத்தில் இன்னும் முடியவில்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். எனக்குக் கூடுதல் கவலை வீடுகளைப் பற்றித்தான்.

படலையில் நின்று குரல் கொடுத்து, வீட்டில் யார் யார் என்று கேட்டபின் உள்ளே போம். ஸ்கூட்டியை வீதியைப் பார்த்து நிறுத்தும். வாசலுக்குக் கிட்ட இரும். உமக்கும் வாசலுக்கும் நடுவில் ஒருவரும் இருக்கக்கூடாது. கசிப்புக் குடித்த ஆள் வீட்டில் நின்றால், பிறகு வருகிறேன் என்று சொல்லி வெளிக்கிடும். பச்சைக் குழந்தையும் தாயும் உள்ளே இருக்க எப்படி விட்டுவிட்டு வருவது என்று மனம் கிடந்து அடிக்கும். வாரும். வந்து அலுவலகத்துக்குச் சொல்லி, அன்றைக்கே இன்னொருவரோடு திரும்பிப் போம். தாயின் உடலில் அடித்த காயம் கண்டால், அடித்தவனை அந்த வீட்டுக்குள் வைத்து விசாரிக்காதேயும். நீர் போனபிறகு அந்தத் தாய் அவனோடுதான் இருக்கப்போகிறாள். கிளினிக்குக்கு வரச்சொல்லி அங்கே தனியே பேசும். 1938 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அங்கேயே கொடும்.

வயது குறைந்த பிள்ளை கர்ப்பமாக இருக்கும் வீடுகள் இன்னும் கடினம். மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டிய கடமை இருக்கிறது. கோபம் முழுக்க அறிவித்தவர் மேல் வந்து விழும். ராஜஸ்தானின் பட்டேரிக் கிராமத்தில் பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்ப்பணியாளராக இருந்தவர். குழந்தைத் திருமணமொன்றைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். 1995இல் கீழ்நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. அவருக்கு நடந்த அந்த வன்முறையை ஒட்டி எழுந்த மனுவில்தான் 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டுதல்களை வகுத்தது. அரசு சொன்ன வேலையை அவர் செய்தார். அதற்கான விலையை ஒற்றை ஆளாக அவர் கொடுத்தார். இப்படிப்பட்ட அறிவித்தல் உம்முடைய வாயால், அந்த முற்றத்தில் வைத்துப் போகக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரியின் கையெழுத்தோடு அலுவலகத்திலிருந்து போக வேண்டும். ஊருக்கு அது அலுவலகத்தின் முடிவாகத் தெரியட்டும்.

இரவில் கதவைத் தட்டுவார்கள். மிட்வைஃப் மிஸ், வயிற்றுக்குத்து என்பார்கள். பிரசவம் வைத்தியசாலையில் நடக்க வேண்டியது; உமது முதல் வேலை 1990ஐ அழைப்பது. தெரியாதவரின் மோட்டார் சைக்கிளில் தனியே ஏறாதேயும். தென் அவுஸ்திரேலியாவில் ஃப்ரெகன் என்ற தூரக் குடியிருப்பில் கேல் வூட்ஃபோர்ட் என்ற தாதி வேலை செய்தார். 2016 மார்ச்சில் ஓர் இரவு கடத்திக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அவர் பெயராலேயே அறியப்படும் சட்டமொன்றை இயற்றியது: தூரப் பகுதிகளில் நேரங்கெட்ட நேரத்து அழைப்புக்குப் போகும் சுகாதாரப் பணியாளரோடு இரண்டாவது ஆள் ஒருவர் போயே ஆக வேண்டும். ஒரு தாதி செத்தபிறகு வந்த அந்த இரண்டாவது ஆளை நாங்கள் முன்னமே கேட்டுப் பெற வேண்டும்.

சண்டைக்காலத்தில் மூத்தவர்கள் பங்கருக்குள் பிரசவம் பார்த்த கதைகளை உமக்குச் சொல்லுவார்கள். அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் வேறு வழியில்லாத காலத்தில் செய்ததை இன்றைய வேலைக்கு அளவுகோலாக்க எவருக்கும் உரிமையில்லை. பயப்படுகிற பிள்ளை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பயத்தைத் தாங்குவது உமது கடமைப் பட்டியலில் இல்லை. ஆபத்தைக் குறைப்பது அலுவலகத்தின் கடமை. சர்வதேச தொழில் அமைப்பு 2019இல் வேலைத்தல வன்முறை பற்றிய சமவாயத்தை நிறைவேற்றியபோது, அதனோடு வந்த 206ஆம் பரிந்துரையில் தனிமையில் நடக்கும் வேலையையும் இரவு வேலையையும் சுகாதாரத் துறையையும் ஆபத்துக் கூடியவையாகப் பெயர் சொல்லியே குறித்திருக்கிறது.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் மூன்றைக் கேளும்: பார்க்க ஆளுள்ள கொப்பி, சிக்கலான வீடுகளுக்கு இரண்டாவது ஆள், மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பதியும் ஒரு பதிவேடு. ஆளணி இல்லை என்றால், அந்தப் பதிலை எழுத்தில் தரச்சொல்லிக் கேளும். கோரிக்கையைக் கடிதமாக எழுதி, மற்றப் பிரிவுகளின் பிள்ளைகளையும் சேர்த்துக் கையெழுத்து வையும். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது கொப்பியும் பேனையும் கொண்டுவாரும். இருவருமாக இருந்து எழுதுவோம்.

அன்புடன்,
உமது அக்கா