ஒருவர் பெயரில் உரிமம், நால்வர் முதல்

கேள்வி: உரிமம் ஒருவர் பெயரில், நால்வர் பணம் போட்டோம். கூட்டே செல்லாது என்கிறார்கள். போட்ட முதல் கிடைக்குமா?
– வாசகர், கிளியனூர்

பதில்: கிடைக்கலாம், லாபத்தில் பங்கு கிடைக்காது.

ஒருவரின் சாராய, கள்ளுக்கடை உரிமத்தில் பலர் கூட்டுச் சேர்வது தொடக்கம் முதலே செல்லாது என்றது, ஏ.ஐ.ஆர். 1950 தொகுப்பிலுள்ள வேலு படையாச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு. மற்றத் தொழில்களுக்கு அந்தந்த உரிமச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் செல்லாதெனப் பின்னர் தெரியவந்தால், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. முதல் நாளே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் அது கைகொடுக்காது. குஜு காலியரீஸ் வழக்கில் (1974) உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பாவம், சட்டம் தெரியாமல் நகையை அடகு வைத்துப் பணம் போட்டவருக்கும் இது பொருந்திவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

கடை திறக்கும் முன்பே விலகியவருக்கு, 1882 அறக்கட்டளைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு பலம். வங்கிப் பதிவு, கையெழுத்திட்ட சீட்டுகளுடன் திண்டிவனத்தில் வழக்கறிஞரை உடனே பாருங்கள். வழக்குத் தொடரக் கெடு பொதுவாக 3 ஆண்டு.