ஐப்பசி மழைக்கு முன்: குதிரை வைத்திருப்போருக்கு ஈக்கால ஆலோசனை

புரட்டாசி பாதி கழிந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் பிடிக்கும். அதற்கு முன்னால் பெய்யும் இடிமழையும் மறுநாளே சுள்ளென்று அடிக்கும் வெயிலும் ஈக்களுக்குக் கொண்டாட்டம். வண்டிப் பந்தயக் குதிரையோ, மெரினாவில் சவாரிக்கு விடும் குதிரையோ, இந்த ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் பிடித்துவந்த குட்டியோ, எதை வைத்திருந்தாலும் கார்த்திகை முடியும்வரை லாயத்தில் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கிறது.

எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: கொள்ளோடு எதைக் கலந்து வைத்தால் ஈ அண்டாது? நேராகவே சொல்லிவிடலாம். ஈயை அடியோடு விரட்டும் தீவனம் எதுவும் கிடையாது. பூண்டை அளவோடு கொடுத்துப் பார்க்கலாம். ஆளி விதை தோலுக்கு நல்லது. மற்றவற்றுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு நல்ல மின்விசிறி வாங்கிவிடலாம்.

பூண்டிலிருந்து தொடங்குவோம். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் மூச்சிலும் வியர்வையிலும் வெளிவந்து ஈக்குப் பிடிக்காத வாடையைத் தரும் என்பது நம்பிக்கை. பலன் கண்டதாகச் சொல்லும் குதிரைக்காரர்கள் நிறைய. கறாரான சோதனையில் அது நிரூபணமாகவில்லை. ஆனால் கெடுதல் நிரூபணமாகியிருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராமுக்கு மேல் உலர்ந்த பூண்டு தின்ற குதிரைகளுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வந்தது. 250 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்குக் கணக்குப் போட்டால் அது 100 கிராம் பூண்டுப் பொடி. இவ்வளவு யார் போடப் போகிறார்கள் என்று தோன்றலாம். ஈ குறையவில்லை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கைப்பிடி கூட்டிக்கொண்டே போனால், அந்த அளவு ரொம்பத் தூரத்தில் இல்லை. குதிரைகளும் பழகியபின் பூண்டை விரும்பியே தின்னும், தானாக விலகாது.

ஆகவே அந்த எடைக்கு ஒரு நாளைக்கு 15 கிராம் பொடி, அல்லது ஏழெட்டுப் பல் நசுக்கிய பச்சைப் பூண்டு போதும். கொள்ளுடனோ தவிட்டுடனோ பிசைந்து வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். சினைக் குதிரைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டாம். ஏற்கெனவே ரத்தம் குன்றி வெளிறியிருக்கும் குதிரைக்கு அறவே கூடாது. பூண்டுக்குப் பதில் வெங்காயம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வெங்காயமும் அதே வேலையைத்தான் ரத்தத்தில் செய்யும்.

ஆளி விதையின் கதை வேறு. அது ஈயை விரட்டுவதில்லை, கடியால் வரும் அரிப்பைத் தணிக்கக்கூடும். சில குதிரைகள் இந்தப் பருவத்தில் பிடரியையும் வால் அடியையும் தூணில் தேய்த்துத் தேய்த்தே முடி உதிர்ந்து நிற்கும். கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத, அந்தியிலும் விடியலிலும் கடிக்கும் பொடிப் பூச்சிகளின் எச்சில் அவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதே குவெல்ஃப்பில் இப்படிப்பட்ட 6 குதிரைகளுக்கு ஆளி விதை கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்தச் சோதனையில் பூச்சிச் சாற்றை ஊசியால் ஏற்றியபோது எழும் தடிப்பின் அளவு குறைந்தது. 6 குதிரை சிறிய கணக்குதான். ஆனாலும் விதையில் கெடுதல் இல்லை, முடிக்கும் மினுமினுப்பு வரும். 50 கிராமில் ஆரம்பித்து 100 கிராம்வரை போகலாம். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றே அரையுங்கள். அரைத்து வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். ஊறவைத்துப் போடும் பழக்கம் இருந்தால் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே கொடுக்க வேண்டும், ஏனென்றால் பச்சை விதை ஊறும்போது சயனைடு பிரியும். பலன் தெரிய ஆறு வாரம் ஆகலாம் என்பதால் இன்றே தொடங்குவதுதான் உசிதம்.

ஆப்பிள் சிடர் வினிகர், ஈஸ்ட், பி1 வைட்டமின் ஆகியவற்றுக்கு இப்போது நல்ல வியாபாரம். பி வைட்டமினைக் கொசுவுக்கு எதிராக மனிதர்களிடமே சோதித்துப் பலன் காணவில்லை. டயட்டம் மண் பூச்சியின் மேல்தோலைக் கீறி உலர்த்திக் கொல்லும் பொருள். குதிரையின் குடலுக்குள் நனைந்த பிறகு அது வெறும் மண். கந்தகப் பொடியைத் தீவனத்தில் கொட்டவே கூடாது, குதிரை செத்தே போகலாம். வேப்பிலை நாலு கொத்து தின்றால் ஒன்றும் ஆகிவிடாது, அதற்காக ஈ பயந்து ஓடும் என்றும் இல்லை. வேப்பெண்ணெயை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தேங்காயெண்ணெயில் கலந்து வயிற்றடியிலும் கால்களிலும் தடவுவது அதைவிட உருப்படியான யோசனை. முதல் நாள் ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் தடவிப் பார்த்துத் தடிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். சேணம் உட்காரும் இடத்தை விட்டுவிடுங்கள்.

தீவனத்தால் ஏன் முடிவதில்லை? காலைக் கடித்துக் குதிரையை ஓயாமல் உதைக்க வைக்கும் கொட்டகை ஈ, நாளில் ஓரிரு முறைதான் குதிரைமேல் உட்காருகிறது. ரத்தம் குடித்ததும் சுவரிலோ வேலியிலோ போய் அமர்ந்துகொள்ளும். அது பிறப்பதும் வளர்வதும் மூத்திரத்தில் ஊறிய வைக்கோலில், தொட்டியடியில் சிந்தி அழுகும் தவிட்டில். வீட்டு ஈ இந்தச் சூட்டில் முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். கொட்டகை ஈக்கு இரண்டு மூன்று வாரம். அந்த நாட்கள் நிரம்புவதற்குள் ஈரத்தை அப்புறப்படுத்திவிட்டால் ஒரு தலைமுறையே போச்சு.

பெரிய குதிரை ஒன்று நாளுக்கு 20 கிலோ லத்தி போடும். காலையும் மாலையும் அள்ளுங்கள். வாரம் இரண்டு முறையாவது படுக்கை வைக்கோலை அடியோடு மாற்றுங்கள். அள்ளியதை லாயத்திலிருந்து தள்ளிக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாயால் இறுக்கி மூடினால், உள்ளே எழும் சூட்டிலேயே புழு வெந்துபோகும். தரையைக் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவலாம். மூத்திரக் கால்வாய் அடைத்திருந்தால் மழைக்கு முன் இந்த வாரமே தோண்டிவிடுங்கள், பிறகு முடியாது. நாட்டுக்கோழிகளை அவிழ்த்துவிட்டால் லத்தியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கும். கோழி எச்சத்திலும் ஈ பெருகும் என்பதால் கூண்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருக்கும்.

நொச்சி, வேப்பிலை மூட்டம் போடுவது நம் ஊர் வழக்கம். போடுங்கள், லாயத்துக்கு வெளியே, காற்று வரும் பக்கம், அந்தியில் கொஞ்ச நேரம். அடைத்த கொட்டகைக்குள் புகையை நிரப்பினால் ஈயைவிட முதலில் இருமுவது குதிரைதான். மின்விசிறிக் காற்றில் பொடிப் பூச்சிகளால் பறக்கவே முடியாது. அழகுக்காக வாலையும் பிடரியையும் கத்தரிப்பதைத் தை மாதம்வரை தள்ளிப்போடுங்கள். சேணம் உரசிய புண்ணைத் திறந்து விடாதீர்கள். ஈ கொண்டுவரும் புழு அதில் இறங்கினால் மாதக்கணக்கில் ஆறாது. கால் முடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் சிறு முட்டைகளைக் கண்டால் சுரண்டி எடுத்துவிடுங்கள், நக்கி விழுங்கினால் வயிற்றில் புழுவாகும்.

பெரிய குதிரை ஈ இன்னொரு வகை. குளத்தோரச் சேற்றில் பிறந்து பகல் வெயிலில் கடிக்கும். இங்கிலாந்தில் 2019இல் குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோடு போட்ட போர்வை போர்த்திப் பார்த்தபோது இந்த ஈக்கள் வந்து உட்காருவது வெகுவாகக் குறைந்தது. வேடிக்கையாக இருந்தாலும் தைத்துப் பார்க்கலாம், ஒரு பழைய வெள்ளை வேட்டியும் கறுப்புச் சாயமும் போதும்.

இந்த ஈதான் முக்கியமாகச் சுர்ரா நோயைக் குதிரைக்குக் குதிரை ஏற்றுகிறது. மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் விட்டுவிட்டுக் காய்ச்சல், தின்றும் இளைப்பு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம், பின்கால் தள்ளாட்டம் தெரிந்தால் ரத்தம் குறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றே பூண்டை நிறுத்துங்கள். குதிரையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, காய்ச்சல் ஏறியிருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் மருந்தகம் இல்லாதவர்கள் 1962 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.