இளைஞரும் சமூக ஊடகமும்: வழிகாட்டுவோர் கடமை

மாணவர் கையிற் கைப்பேசியைக் கண்டவுடன் பறித்து வைத்தலே தம் கடமையென எண்ணும் பெரியோர் பலர். பறித்த கருவி மறைவில் மீண்டும் தோன்றும்; அதனால் விளையும் துன்பமும் நமக்கு மறைவாகவே நிகழும். அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது?

முதலாவது, கருவியின் இயல்பை உடனிருந்து விளக்குதல். விரலாற் தள்ளத் தள்ளச் செய்தி முடிவின்றி வரும் முறையை 2006-இல் ஏஸா ராஸ்கின் என்பார் வகுத்தார். நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, இதற்கோ அஃதில்லை. 2009-இல் பேஸ்புக்கில் வந்த 'லைக்' என்னும் குறி, பிறர் மதிப்பை எண்ணால் அளக்கப் பழக்கிற்று. இவற்றை அறிந்த மாணவன், குறி குறைந்தவிடத்துத் தன் மதிப்பே குறைந்ததென மயங்கான்.

இரண்டாவது, வரம்பை அவனோடு கலந்து வகுத்தல். இரவில் கைப்பேசி படுக்கையறைக்குப் புறத்தே இருக்கட்டும். நமதும் அங்கேயே இருத்தல் வேண்டும். நாம் கைக்கொள்ளாத விதியை அவன் மதியான்.

மூன்றாவதே தலையாயது. எவரேனும் படத்தைக் காட்டி அச்சுறுத்தினும் இழித்துரைப்பினும், அவன் அஞ்சாது நம்மிடம் வருதல் வேண்டும். அப்பொழுது முதற்சொல் கடிந்துரையாயின், அவன் மறுமுறை வாரான்.

பதினாறு வயது நிரம்பாதார் இவ்வூடகங்களிற் கணக்கு வைத்தலாகாதென ஆஸ்திரேலியா 2024-இல் சட்டமியற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைப்படுத்திற்று. சட்டம் வாயிலைக் காக்கலாம். பதினாறு நிரம்பி அவ்வாயிலுட் புகும் பிள்ளைக்குத் துணை, அதுவரை நாம் பழக்கிய பழக்கமும், நம்மேல் அவன் கொண்ட நம்பிக்கையுமேயாம்.