பிள்ளையின் வளர்ச்சிக் கோடு: அதை வரைந்தது யார்?

அங்கன்வாடியில் குழந்தையை எடை போட்டதும் தாய் சேய் நல அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்கள். அது பச்சைப் பட்டையில் விழுந்தால் நிம்மதி. மஞ்சளுக்கு இறங்கினால் அன்னைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. சரி, அந்தப் பட்டையை வரைந்தது யார்? ‘இந்த மாசத்துக்கு இவ்வளவு எடை’ன்னு எப்படி முடிவு பண்ணாங்க?

வளர்ச்சியை ஆராய இரண்டு வழி உண்டு. ஒன்று, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிடுவது. வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் இது பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ்களை எண்ணுவது மாதிரி. எந்த பஸ் வழியில் எங்கே தாமதமானது என்று தெரியாது. இன்னொன்று, அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது. பாதியில் வீடு மாறிப் போவார்கள், ‘இனிமே வர முடியாதுங்க’ என்பார்கள். சிரமமான வேலைதான். ஆனாலும் ஒரு பிள்ளை எப்படி மாறுகிறது என்பதை இதில்தான் நேரடியாகப் பார்க்க முடியும். இப்படிப் பின்தொடரப்படும் குழுவுக்கு ‘கோஹார்ட்’ என்று பெயர்.

யாரைப் பின்தொடர்கிறோம் என்பதும் முக்கியம். 1970களின் இறுதியிலிருந்து உலகம் முழுக்கப் பயன்பட்ட பழைய கோட்டில், கைக்குழந்தைகளுக்கான பகுதி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துப் பிள்ளைகளை வைத்து வரையப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில மாதங்களுக்குப் பிறகு அவர்களைவிட மெதுவாக எடை கூடும். அது இயல்பு. ஆனால் பழைய கோட்டில் வைத்துப் பார்த்தால் நல்லா இருக்கிற பிள்ளையும் பின்தங்குவதுபோலத் தெரியும். உடனே ‘பால் பத்தல போல, பவுடர் பால் குடுங்க’ன்னு யாராவது சொல்லிவிடுவார்கள். பிள்ளையிடம் குறை இல்லை, கோட்டில்தான் குறை.

அதனால் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை புதிதாக அளந்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 8,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். இந்தியாவில் தெற்கு டெல்லி. தாய்ப்பால் குடிப்பவர்கள், அம்மா புகைபிடிக்காதவர், வீட்டில் ஓரளவு வசதி உண்டு: இப்படிப்பட்டவர்களையே சேர்த்தார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை அதே குழந்தையை 21 முறை போய்ப் பார்த்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாக அளப்பார்கள். வித்தியாசம் அதிகமானால் திரும்ப அளப்பார்கள். அதற்கு மேல் ஆறு வயதை நெருங்கும்வரை, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை அளக்கும் முதல் வழிதான். ஆறு நாட்டிலும் பிள்ளைகளின் உயரம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கூடியது. ‘நம்ம ஊர்ப் பிள்ளைங்க குட்டையாத்தான் இருக்கும்’ என்ற பேச்சு, சின்ன வயசைப் பொறுத்தவரை, அங்கே அடிபட்டுப்போனது. 2006இல் வந்த அந்தக் கோடுதான் இன்று உங்கள் அட்டையில் இருக்கிறது.

பிறப்பதற்கு முன்னால்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 92இல் 14,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை அப்போதே எழுதி வாங்கினார்கள், ஏனென்றால் பத்து வருஷம் கழித்துக் கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? நஞ்சுக்கொடியையும், பின்னால் விழுந்த பால்பற்களையும்கூடச் சேமித்தார்கள். கர்ப்பத்தில் வாரம் 340 கிராமுக்குக் குறைவாக மீன் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளில், எட்டு வயதில் மொழித்திறன் குறைந்தவர்கள் சற்று அதிகம் என்று அந்தப் பதிவுகள் காட்டின. இதற்கு மீன்தான் காரணமா? அந்த அம்மாக்களின் படிப்பு, வசதி எல்லாம் வேறாக இருந்திருக்கலாம். அதைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். முழுசாகக் கழிக்க முடியாது. ‘இதைச் சாப்பிட்டா பிள்ளை அறிவாளி’ன்னு வாட்ஸ்அப்பில் வரும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

வளர்ச்சி பதினெட்டோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவில் அதே பிள்ளைகளின் மூளையைச் சில ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்பகுதி இருபதுகளிலும் மாறிக்கொண்டிருந்தது.

இனி உங்கள் அட்டைக்கு வருவோம். ஒரு புள்ளியை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்த மாதம் எடை இறங்கலாம். இரண்டு மூன்று மாதப் புள்ளிகளைச் சேர்த்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். தட்டையாகவோ கீழ்நோக்கியோ போனால், புள்ளி பச்சையில் இருந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கனமான துணி இல்லாமல் எடை போடச் சொல்லுங்கள். அட்டையை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிடைக்கும் பிக்மி எண்ணும் அந்தப் போட்டோவில் தெரியட்டும், குழந்தையின் பிறப்பைப் பதியும்போது கேட்பார்கள். அந்த ‘பிக்மி’யின் ஆங்கில விரிவில் நடுவே நிற்கிற எழுத்து ‘கோஹார்ட்’டைத்தான் குறிக்கிறது.